570 சொற்குடும்பங்கள், பத்துப் பட்டியல்கள்: ஏ.டபிள்யூ.எல். ஆய்வு மாணவருக்கு எவ்வளவு உதவும்?

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள் படித்தே ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள் 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' என்ற பெயரை எங்காவது கேள்விப்பட்டிருப்பார்கள். சுருக்கமாக ஏ.டபிள்யூ.எல். கல்விசார் எழுத்தில் அடிக்கடி வரும் 570 ஆங்கிலச் சொற்குடும்பங்களின் பட்டியல் இது. சொற்குடும்பம் என்றால் ஒரு வேர்ச்சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான் நுண்ணுயிரியலில் ஆய்வு செய்கிறேன். சேர்ந்த புதிதில் கையில் எடுத்த இந்தப் பட்டியலை இன்னும் கீழே வைக்கவில்லை. ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் ஜூனியர்களுக்கும் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேப்பர் படிக்கத் தொடங்குபவர்களுக்கு இதைவிட நல்ல பட்டியலை நான் பார்த்ததில்லை. எழுதக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இது பாதிக்கும் குறைவாகத்தான் உதவும், அதற்கு வேறு துணை வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல், 'இந்த 570 சொற்களையும் மனப்பாடம் செய்தால் போதும்' என்று சொல்லிக்கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதில் எனக்கு உடன்பாடே இல்லை. ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பட்டியலை உருவாக்கியவர் அவெரில் காக்ஸ்ஹெட். நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இருக்கும் விக்டோரியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பட்டியல் வெளியான ஆண்டு 2000. பாடநூல்கள், ஆய்விதழ்க் கட்டுரைகள் என்று 414 பிரதிகளைத் திரட்டி, சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட ஓர் உரைத்தொகுப்பை முதலில் உண்டாக்கினார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்று நான்கு பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் ஏழு பாடங்கள். ஆக 28 பாடங்கள். பட்டியலில் இடம் பிடிக்க ஒரு சொற்குடும்பம் மொத்தத் தொகுப்பில் குறைந்தது 100 முறை வந்திருக்க வேண்டும், நான்கு பிரிவுகளில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 10 முறை வந்திருக்க வேண்டும், 28 பாடங்களில் 15 பாடங்களிலாவது தலைகாட்டியிருக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த சாதாரணச் சொற்களை விலக்க, மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட 'ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்' என்ற பொதுப் பட்டியலில் இருந்த சுமார் 2000 சொற்குடும்பங்களை முதலிலேயே கழித்துவிட்டார்கள்.

இந்த வடிகட்டல்தான் பட்டியலின் உயிர். 'பிளாஸ்மிட்' என்ற சொல் எங்கள் துறையில் பக்கத்துக்குப் பக்கம் வரும். ஆனால் சட்டக் கட்டுரையில் அதற்கு வேலை இல்லை, அதனால் உள்ளே வர முடியாது. வரலாறு படிப்பவருக்கும் வேதியியல் படிப்பவருக்கும் பொதுவாக இருக்கும் சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன: 'அசஸ்', 'டெரைவ்', 'இண்டிகேட்', 'சிக்னிஃபிகன்ட்', 'ஹைப்பாதிசிஸ்', 'வேர்ஆஸ்' போன்றவை.

அந்த உரைத்தொகுப்பில் இந்த 570 குடும்பங்கள் சுமார் 10 சதவீத இடத்தை அடைத்துக்கொள்கின்றன. 300 சொற்கள் கொண்ட ஒரு பக்கத்தில் கிட்டத்தட்ட முப்பது சொற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதே சொற்களைக் கதைகளின் தொகுப்பு ஒன்றிலும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அங்கே வெறும் 1.4 சதவீதம். அதே அளவு பக்கத்தில் நான்கைந்து சொற்கள். 'நாவல் நிறையப் படி, ஆங்கிலம் தானாக வந்துவிடும்' என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேச்சுக்கும் பொது வாசிப்புக்கும் அது உண்மைதான், நானே அப்படித்தான் வளர்ந்தேன். ஆனால் நாவலாகப் படித்துத் தள்ளிய ஒருவருக்குக்கூட முதல் ஆய்வுக் கட்டுரை ஏன் இரும்பாகக் கடினமாக இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு எண்களே பதில்.

சரி, இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. கழித்துவிட்ட அந்த 2000 பொதுக் குடும்பங்கள் கல்விசார் எழுத்தில் 76 சதவீதம். இந்தப் பட்டியல் 10 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 86. மிச்சம் 14 சதவீதம் வெளியே நிற்கிறது. அதாவது இரண்டையும் கரைத்துக் குடித்தவருக்கும் ஏறக்குறைய ஏழு சொற்களுக்கு ஒரு சொல் பட்டியலுக்கு அப்பால்தான். துறைச் சொற்கள், பெயர்கள், அரிய சொற்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். '570 படித்தால் எந்தக் கட்டுரையும் புரியும்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் அந்த 14 சதவீதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம் என்பது என் அனுபவம். மான்ட்ரியலில் இருக்கும் டாம் காப் என்ற பேராசிரியர் நடத்தும் 'லெக்ஸ்டியூட்டர்' தளத்தில் 'வொக்காப்ப்ரொஃபைல்' என்று ஒரு கருவி இருக்கிறது. ஒரு பத்தியை அதில் ஒட்டினால் சொற்களுக்கு நிறம் பூசிக் கொடுக்கும். முதல் ஆயிரம் பொதுச் சொற்கள் நீலம், அடுத்த ஆயிரம் பச்சை, ஏ.டபிள்யூ.எல். சொற்கள் மஞ்சள், எதிலும் சேராதவை சிவப்பு. என் துறைக் கட்டுரை ஒன்றின் 'டிஸ்கஷன்' பகுதியை முதல்முறை அதில் போட்டுப் பார்த்தபோது எங்கு பார்த்தாலும் சிவப்பு. நிதானமாகப் படித்தால் அந்தச் சிவப்புச் சொற்களில் பெரும்பாலானவை எனக்குத் தெரிந்தவை! பாக்டீரியாப் பெயர்கள், மருந்துப் பெயர்கள், ஆய்வு முறைகள். ஆய்வகத்தில் தினமும் வாயில் புழங்குகிறவை. நான் தடுக்கிய இடமெல்லாம் மஞ்சள். எந்த முடிவு எதற்குச் சான்று, எது எதற்கு மாறாக நிற்கிறது, ஆசிரியர் எதை உறுதியாகச் சொல்கிறார், எதை அனுமானமாக விடுகிறார் என்பதெல்லாம் அந்த மஞ்சளில்தான் இருந்தது. ஒரு துறைக்குள் ஏற்கெனவே கால் வைத்துவிட்டவருக்கு இந்தப் பட்டியல் ஏன் சரியாகப் பொருந்துகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

இந்தக் கருவி இல்லாமல் பட்டியலை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பேன். உங்கள் துறையில், உங்களுக்குப் பிடித்த நான்கைந்து கட்டுரைகளை அதில் போடுங்கள். மஞ்சளில் திரும்பத் திரும்ப வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியல் அதுதான்.

பட்டியலின் அமைப்பிலும் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். 570 குடும்பங்களையும் அகர வரிசையில் கொட்டாமல், எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்பதை வைத்துப் பத்து உட்பட்டியல்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் 60, கடைசியில் மட்டும் 30. முதல் இரண்டு உட்பட்டியல்களில் செலவிடும் நேரத்துக்குக் கிடைக்கும் பலன் மிக அதிகம். நேரமே இல்லாதவர்கள் அந்த 120 குடும்பங்களோடு நிறுத்திக்கொண்டாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

இனி குறைகள். எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது, 'குடும்பம்' என்ற கணக்கு. ஒரு வேர்ச்சொல்லோடு அதிலிருந்து கிளைத்த எல்லா வடிவங்களையும் சேர்த்து ஒன்று என்று எண்ணுகிறார்கள். எண்ணுவதற்கு வசதி, படிப்பவருக்கு ஆபத்து. ஒரு சம்பவம் சொல்கிறேன். ஜூனியர் தம்பி ஒருவர் கட்டுரை ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு வரியின் கீழ் கோடு போட்டிருந்தார். கிடைத்த எதிர்ப்புத்திறன் முந்தைய அறிக்கைகளோடு 'கன்சிஸ்டன்ட் வித்' என்று அதில் இருந்தது.

"அக்கா, முந்தைய அறிக்கையெல்லாம் இதுக்குள்ள அடங்கியிருக்குன்னு சொல்றாங்களா?"

"இல்லப்பா. முன்னாடி மத்தவங்களுக்குக் கிடைச்ச முடிவோட ஒத்துப்போகுதுன்னு சொல்றாங்க."

"ஆனா 'கன்சிஸ்ட்'னா அடங்கியிருக்குறதுதானே? முதல் பட்டியல்லயே இருக்கே."

அவர் மீது தப்பே இல்லை. முதல் உட்பட்டியலில் 'கன்சிஸ்ட்' என்று ஒரே ஒரு தலைச்சொல்தான் இருக்கிறது. அதற்குக் கீழே 'கன்சிஸ்டன்ட்', 'கன்சிஸ்டன்சி', 'இன்கன்சிஸ்டன்சி' எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாக உட்கார்ந்திருக்கின்றன. 'கன்சிஸ்ட்' உடன் 'ஆஃப்' சேர்ந்தால் இன்னின்னவற்றால் ஆனது. 'கன்சிஸ்டன்ட்' உடன் 'வித்' சேர்ந்தால் ஒத்துப்போவது. 'கன்சிஸ்டன்ட்' தனியாக வந்தால் மாறாமல் ஒரே சீராக இருப்பது. எங்கள் துறையில் தட்டில் வளர்ந்த காலனியின் 'கன்சிஸ்டன்சி' என்று எழுதினால் அது வழவழப்பா, வறண்டதா என்ற பதம். இத்தனையும் பட்டியலில் ஒரு வரி. 'கான்ஸ்டிட்யூட்' குடும்பத்தைப் பாருங்கள், இன்னும் மோசம்: தேர்தல் தொகுதியைக் குறிக்கும் 'கான்ஸ்டிட்யூயன்சி', அரசியலமைப்பைக் குறிக்கும் 'கான்ஸ்டிட்யூஷன்', அதற்கு முரணானது என்று பொருள்படும் 'அன்கான்ஸ்டிட்யூஷனல்' எல்லாம் அதே வீட்டில். தலைச்சொல்லுக்கு நேரே ஒரு தமிழ்ப் பொருள் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனால், இந்தக் குழப்பம் யாருக்கும் வரத்தான் செய்யும்.

அதோடு, எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்து வரும் என்ற தகவலும் பட்டியலில் கிடையாது. 'ஆஃப்', 'வித்', 'இன்', 'ஃப்ரம்' போன்ற சின்னச் சொற்களில்தான் கல்விசார் ஆங்கிலத்தின் பாதிப் பொருள் இருக்கிறது. தமிழில் வேற்றுமை உருபு செய்யும் வேலையை அங்கே அவை செய்கின்றன. அவற்றை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் படிப்பது அரைகுறைதான்.

இரண்டாவது குறை, துறைக்குத் துறை மாறும் பொருள். 2007இல் மொழியியல் ஆய்வாளர்களான கென் ஹைலாண்டும் பாலி ட்சேயும் இதைத்தான் கேள்வியாக எழுப்பினார்கள். ஒரே சொல் வெவ்வேறு துறைகளில் வெவ்வேறு பொருளில், வெவ்வேறு துணைச் சொற்களோடு வரும்போது, எல்லாத் துறைக்கும் சேர்த்து ஒரு பொதுப் பட்டியல் போடுவது எவ்வளவு சரி என்பது அவர்கள் கேள்வி. எனக்கு இது ஏட்டுக் கேள்வியாகத் தோன்றவில்லை. இரண்டாவது உட்பட்டியலில் இருக்கும் 'கல்ச்சர்' சமூகவியலாளருக்குப் பண்பாடு. எனக்கு அது குடுவையில் வளரும் பாக்டீரியா. 'மீடியம்' என்றால் எனக்கு அந்த பாக்டீரியாவுக்குப் போடும் சாப்பாடு. 'சஸ்பெண்ட்' என்றால் செல்களைத் திரவத்தில் மிதக்கவிடுவது. அலுவலகத்தில் அதே சொல்லுக்கு என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். பட்டியலில் வினைச்சொல்லாக நிற்கும் 'ஐசொலேட்' எங்கள் கட்டுரைகளில் பெரும்பாலும் பெயர்ச்சொல். நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த நுண்ணுயிருக்கே அந்தப் பெயர். இதே 570 சொற்களை அழகான படங்களோடு கற்றுத்தருவதாகச் சொன்ன ஒரு கட்டணச் செயலியையும் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன், பெயர் வேண்டாம். சொல்லுக்கு ஒரு பொருள், நான்கு விடைகள், சரியானதைத் தொடு. 'கல்ச்சர்' என்றால் பண்பாடு, அத்தோடு முடிந்தது. இலவசமாகக் கிடைக்கும் பட்டியலை இப்படிச் சுருக்கிக் காசுக்கு விற்பதைப் பார்த்து உண்மையிலேயே கோபம் வந்தது. மாணவர்கள் நம்பித்தானே வாங்குகிறார்கள்?

பட்டியலின் வயதும் சில இடங்களில் தெரிகிறது. கழித்துவிட்ட பொதுப் பட்டியல் 1953ஆம் ஆண்டுடையது என்றேன் அல்லவா? அப்போது 'கம்ப்யூட்டர்' அன்றாடச் சொல் கிடையாது. அதனால் அது 'கம்ப்யூட்' குடும்பத்தோடு இரண்டாவது உட்பட்டியலில் கல்விசார் சொல்லாக உட்கார்ந்திருக்கிறது. 'ஜாப்', 'டீம்' எல்லாம்கூட உள்ளே இருக்கின்றன. இவற்றை யாரும் புதிதாகப் படிக்க வேண்டியதில்லை, பார்த்தவுடன் அடித்துவிடலாம். அதேபோல, தொகுப்பில் சரிபாதி வணிகமும் சட்டமும் என்பதால் 'எக்ஸ்போர்ட்', 'இன்கம்', 'லெஜிஸ்லேட்' போன்றவை முதல் உட்பட்டியலிலேயே ஏறிவிட்டன. அறிவியல் படிப்பவர்கள் அவற்றைத் தள்ளிப்போட்டால் குடி முழுகிவிடாது. மருத்துவம் அந்த 28 பாடங்களில் இல்லை என்பதையும் மருத்துவ மாணவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு வந்த பட்டியல்களும் இருக்கின்றன. டீ கார்ட்னரும் மார்க் டேவிஸும் 12 கோடிச் சொற்கள் கொண்ட தொகுப்பிலிருந்து எடுத்த 'அகாடமிக் வொக்காபுலரி லிஸ்ட்' அவற்றில் முக்கியமானது. அதில் குடும்பக் கணக்கு இல்லை. பெயர்ச்சொல், வினைச்சொல் என்று தனித்தனியாகவே எண்ணுகிறார்கள். பொதுச் சொற்களை முன்கூட்டிக் கழிப்பதும் இல்லை. அதனால் 'ஸ்டடி', 'குரூப்', 'சிஸ்டம்' என்று தெரிந்த முகங்களே வரிசையில் முதலில் நிற்கின்றன. கணக்கு என்று பார்த்தால் அதுதான் செம்மையானது. ஆனால் சுமார் மூவாயிரம் சொற்கள்! தொடக்க நிலையில் இருப்பவருக்கு அதைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கும். கையடக்கமாக இருப்பதும் ஒரு குணம்தான் என்பதால் ஜூனியர்களுக்கு நான் இன்னும் பழைய பட்டியலையே கொடுக்கிறேன்.

இப்போது எழுத்து. என் கைடு எந்த மாணவருடைய வரைவை வாங்கினாலும் முதலில் 'ப்ரூவ்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுவார். இருந்தால் அடித்துவிட்டு மேலே 'சஜஸ்ட்' என்று எழுதுவார். ஒரு பரிசோதனையை வைத்து நிரூபித்துவிட்டோம் என்று சொல்லக் கூடாது, இப்படி இருக்கலாம் என்று தோன்றுகிறது என்றுதான் சொல்ல முடியும் என்பது அவர் கண்டிப்பு. கவனித்துப் பாருங்கள்: இந்த 'சஜஸ்ட்' ஏ.டபிள்யூ.எல்.லில் இல்லை. 'மே', 'மைட்', 'அப்பியர்', 'ஷோ' எதுவும் இல்லை. எல்லாம் பொதுச் சொற்கள் என்று கழிக்கப்பட்டுவிட்டன. ஆனால் ஓர் ஆய்வாளர் எவ்வளவு தூரம் உறுதி சொல்கிறார் என்பதை அளந்து கொடுக்கும் சொற்களே இவைதான். பட்டியலை மட்டும் படித்துவிட்டு எழுதுபவர்களின் நடையில் பெரிய பெரிய சொற்கள் வரிசைகட்டி நிற்கும், இந்த அளவு மட்டும் இருக்காது.

இதற்கு நான் நம்புவது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்லி தொகுத்த 'அகாடமிக் ஃப்ரேஸ்பேங்க்'. இதையும் தளத்தில் இலவசமாகவே படிக்கலாம். கட்டுரையின் அறிமுகம், முறை, முடிவுகள், விவாதம் என்று பகுதி பகுதியாக, அங்கங்கே வரும் வாக்கியச் சட்டகங்களைத் தருகிறது. எச்சரிக்கையோடு சொல்வதற்கென்றே அதில் தனிப் பகுதி உண்டு. சட்டகம்தான் கிடைக்கும், உள்ளடக்கம் நம்முடையது. அதனால் பிறர் எழுத்தைத் திருடிய பழி வராது. ஏ.டபிள்யூ.எல்.லில் படித்த 'கன்சிஸ்டன்ட்' முழு வாக்கியத்துக்குள் எப்படி உட்காருகிறது என்று அங்கே பார்த்த பிறகுதான், அதை என் கட்டுரையில் எடுத்துப் போட எனக்குத் தைரியம் வந்தது.

மறக்காமல் வைத்துக்கொள்ள 'ஆங்கி' செயலி. முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக நாம் செய்து வைத்த அட்டையை, மறக்கப்போகும் நேரம் பார்த்துத் திரும்பக் காட்டும். இணையத்தில் ஏ.டபிள்யூ.எல். அட்டைக்கட்டுகள் யாரோ செய்து வைத்தது நிறைய இருக்கின்றன. அவற்றை எடுக்காதீர்கள், உங்கள் அட்டையை நீங்களே செய்யுங்கள். நான் செய்யும் விதம் இது. முன்பக்கம், நான் படித்த கட்டுரையிலிருந்து ஒரு முழு வாக்கியம். அதில் சொல்லும் அதை ஒட்டிய 'வித்' அல்லது 'ஃப்ரம்' என்பதும் மட்டும் வெற்றிடம். பின்பக்கம் விடை, அப்புறம் அந்த வாக்கியத்தின் சாரம் என் தமிழில் ஒரு வரி. தனிச் சொல்லுக்குப் பொருள் எழுதுவதில்லை. செயலி தானாக நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள் என்று வைத்திருக்கும். ஆய்வக வேலையோடு அது கட்டுப்படியாகாது, அமைப்புக்குள் போய்க் குறைத்துவிடுங்கள். நான் ஐந்துக்கு மேல் வைப்பதில்லை.

ஏ.டபிள்யூ.எல்.லுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டால் வாசிப்புக்கு நாலரை, எழுத்துக்கு இரண்டு. துறைக்குள் இன்னும் நுழையாத, பொது ஆங்கிலமே தடுமாறும் நிலையில் இருப்பவர்கள் முதலில் அந்த 2000 பொதுச் சொற்களைப் பலப்படுத்திக்கொண்டு பிறகு வரலாம். 76 சதவீதம் அங்கேதான் இருக்கிறது.

உட்பட்டியல்களை முதலிலிருந்து வரிசைப்படியே படித்துப் போங்கள், ஒரே ஒரு விலக்கு. கடைசி உட்பட்டியலின் 30 குடும்பங்களில் 'ஆல்பீட்', 'நன்தலெஸ்', 'நாட்வித்ஸ்டாண்டிங்', 'வேர்பை' என்று நான்கு இணைப்புச் சொற்கள் இருக்கின்றன. இவற்றை முதல் வாரமே பார்த்துவிடுங்கள். அரிதாகத்தான் வரும், ஆனால் வரும் இடத்தில் வாக்கியத்தின் திசையே திரும்பும். அதிலும் 'இருந்தபோதிலும்' என்று பொருள்படும் 'நாட்வித்ஸ்டாண்டிங்' பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், பின்னாலும் வரும். பின்னால் வரும்போது எது தடையாக இருந்தும் எது நடந்தது என்பதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. அதற்கு மட்டும் இரண்டு அட்டை போடுங்கள், முன்னால் வருவதற்கு ஒன்று, பின்னால் வருவதற்கு ஒன்று.